மங்கி மஞ்சளான கார் ஹெட்லைட்டை வீட்டிலேயே தெளிவாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மங்கிய ஹெட்லைட்டைத் தேய்த்துப் பளபளக்க வைப்பது அரைநாள் வேலை. அந்தப் பளபளப்பு சில மாதம் நிற்குமா, சில வருடம் நிற்குமா என்பது தேய்த்து முடித்த பின் அதன்மேல் என்ன பூசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலானோர் தேய்ப்பதிலேயே முழுக் கவனத்தையும் வைக்கிறார்கள். கண்ணாடி போலத் தெளிந்ததும் மனம் நிறைந்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஓர் ஆண்டுக்குள் பழைய மஞ்சள் திரும்பி வருகிறது, பல நேரம் முன்பைவிட வேகமாக. அதனால் இந்த வழிகாட்டி பூச்சை நடுவில் வைத்து எழுதப்பட்டது. எந்தப் பூச்சு என்று முடிவு செய்த பிறகுதான் எந்த நம்பர் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்; நம்பர் கூடக் கூடச் சொரசொரப்பு குறையும்) வரை தேய்க்க வேண்டும் என்பதே தெரியும்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது

இன்றைய கார்களின் ஹெட்லைட் லென்ஸ் கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கல் பட்டாலும் எளிதில் உடையாது, எடை குறைவு, எந்த வளைவிலும் வார்க்கலாம். ஆனால் அதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. மேற்பரப்பு மென்மையானது, சுலபமாகக் கீறல் விழும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் (யூவி) பட்டால் அதன் மூலக்கூறுகள் சிதைந்து மஞ்சள் நிறம் பெறும்.

இந்த இரண்டையும் தடுக்கத் தொழிற்சாலையிலேயே லென்ஸின் வெளிப்புறத்தில் கெட்டியான, நிறமற்ற ஒரு பாதுகாப்புப் பூச்சு போடுகிறார்கள். அது தலைமுடியின் தடிமனைவிடப் பலமடங்கு மெல்லியது. வெயில், சாலைப் புழுதி, பூச்சிகளின் எச்சம், கடுமையான சோப்பு என எல்லாம் சேர்ந்து சில ஆண்டுகளில் அதைத் தின்றுவிடும். முதலில் அது மங்கும். பிறகு திட்டுத்திட்டாக உரியும். உரிந்த இடத்தில் கீழே உள்ள பிளாஸ்டிக் நேரடியாக வெயிலைத் தாங்க வேண்டிவரும். நீங்கள் பார்க்கும் மஞ்சளும் வெண்புகையும் செத்துப்போன பூச்சும், அதன் கீழே சிதைந்த மிக மெல்லிய பிளாஸ்டிக் படலமும்தான். லென்ஸின் தடிமன் சுமார் 2 முதல் 3 மி.மீ. இருக்கும். சிதைவு அதன் மேல்தோலில் மட்டும்தான். அதனால்தான் தேய்த்துச் சரிசெய்ய முடிகிறது.

மேற்பகுதிதான் எப்போதும் முதலில் கெடும், ஏனென்றால் வெயில் அங்கேதான் நேராக விழுகிறது. ஒரே காரில் ஒரு விளக்கு மட்டும் அதிகம் மஞ்சளாக இருந்தால், வண்டி தினமும் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேயே இருக்கும்.

இது அழகுப் பிரச்சினை மட்டும் அல்ல. அமெரிக்காவின் ஏஏஏ வாகன ஓட்டிகள் சங்கம் 2018-ல் வெளியிட்ட சோதனையில், மோசமாக மங்கிய லென்ஸ்கள் புதிய லென்ஸ் தரும் ஒளியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை மட்டுமே தந்தன. தேய்த்துச் சீரமைத்த பிறகு அது சுமார் 70 சதவீதம் வரை உயர்ந்தது. மங்கிய லென்ஸ் ஒளியைக் குறைப்பதோடு சிதறவும் அடிக்கிறது. உங்களுக்குச் சாலை தெரியாது, எதிரே வருபவருக்குக் கண் கூசும்.

தேய்க்கத் தகுந்த விளக்குதானா?

லென்ஸைச் சோப்பு நீரில் கழுவி, ஈரமாக இருக்கும்போதே பாருங்கள். தண்ணீர் படலம் இருக்கும்வரை லென்ஸ் தெளிவாகத் தெரிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால் பிரச்சினை வெளிப்பரப்பில்தான் இருக்கிறது. நம்பித் தொடங்கலாம். ஈரமாக இருக்கும்போதும் மங்கலாகவே இருந்தால் காரணம் வேறாக இருக்கலாம்:

- உள்பக்கம் நீர்த்துளி அல்லது ஆவிப்படலம். மழைக்குப் பின் லேசாகப் படிந்து, விளக்கை எரிய விட்டால் மறையும் ஆவி இயல்பானது. அடியில் தண்ணீர் தேங்கி நின்றால் சீல் போயிருக்கிறது, அல்லது பின்புற ரப்பர் மூடி சரியாக உட்காரவில்லை. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.
- உள்பக்கப் புகை. தரமற்ற பல்பு, அளவுக்கு மீறிய வாட்ஸ், சூடு ஆகியவற்றால் உள்ளே படலம் படியும். வெளியே எவ்வளவு தேய்த்தாலும் இது போகாது.
- சிலந்தி வலை போன்ற மயிரிழை விரிசல். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் உள்ளே மினுங்கும் கோடுகளாகத் தெரியும். இது பிளாஸ்டிக்கின் ஆழத்திலேயே இருப்பது. விரல் நகத்தால் தடவினால் தட்டாது. லேசாக இருந்தால் தேய்த்துவிட்டு அதோடு வாழலாம். அடர்த்தியாக இருந்தால் விளக்கை மாற்றுவதே வழி.

உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சையும் பாருங்கள். பல்புக்குப் பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டர் கருத்தோ, உரிந்தோ, சாம்பல் படிந்தோ இருந்தால் லென்ஸ் எவ்வளவு தெளிந்தாலும் வெளிச்சம் வராது. அதைத் துணியால் துடைக்கப் போகாதீர்கள். அது ஆவியாக்கிப் படியவைத்த மிக மெல்லிய அலுமினியம், விரல் பட்டாலே வந்துவிடும்.

பூச்சை முதலில் தேர்ந்தெடுங்கள்

நான்கு வழிகள் இருக்கின்றன. நீடித்து நிற்கும் வரிசையில் சொல்வதானால்:

*டூ-கே கிளியர் கோட் ஸ்பிரே.* கிளியரும் (நிறமற்ற பூச்சு) ஹார்டனரும் (அதை இறுக்கும் திரவம்) ஒரே கேனுக்குள் தனித்தனி அறையில் இருக்கும். அடியில் உள்ள முள்ளை அழுத்தியதும் இரண்டும் கலந்து, வேதிவினையால் இறுகும். யூவி தடுப்பு உள்ளது, ஹெட்லைட் அல்லது பாலிகார்பனேட் லென்ஸுக்கு ஏற்றது என்று கேனிலேயே எழுதியிருக்க வேண்டும். நன்றாகப் போட்டால் சில ஆண்டுகள் தாங்கும். ஆனால் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அந்தத் துகளைச் சுவாசித்தால் நுரையீரல் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரக்கூடும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அடுத்தமுறை சிறிதளவே போதும். சாதாரணத் துணி முகக்கவசம் இதற்கு எந்தப் பாதுகாப்பும் தராது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜும் (கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி) துகள் வடிகட்டியும் கொண்ட ரெஸ்பிரேட்டர் என்ற மூச்சுக்கவசம், கண் பாதுகாப்புக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை இவை மூன்றும் இல்லாமல், திறந்த வெளி இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம்.

*பிபிஎஃப் படலம்.* ஹெட்லைட்டுக்கென்று வரும் ஒளிபுகும் பாதுகாப்பு ஃபிலிம். யூவியையும் கல்லடியையும் தடுக்கும், பழுதானால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம். அதிக வளைவுள்ள விளக்கில் சுருக்கமில்லாமல் ஒட்டப் பழக்கம் வேண்டும்.

*துணியால் தடவும் யூவி பூச்சு.* ஹெட்லைட் கிட்களில் சிறு பாட்டிலாகவோ ஈரத் துணியாகவோ வரும். எளிது, ஸ்பிரேயைவிடப் பாதுகாப்பானது. சுமார் ஓராண்டு, சிலவற்றில் இரண்டு ஆண்டு நிற்கும். முதல்முறை செய்பவருக்கும், சரியான ரெஸ்பிரேட்டர் இல்லாதவருக்கும் இதையே சொல்வோம்.

*செராமிக் கோட்டிங், மெழுகு, சீலன்ட்.* தண்ணீர் வழிந்தோடும், அழுக்கு ஒட்டாது. யூவியைத் தடுக்கும் அளவுக்கு இவற்றில் தடிமன் இல்லை. வேறொரு யூவி பூச்சின்மேல் கூடுதலாகப் போடலாம். தேய்த்த வெறும் லென்ஸுக்கு இதை மட்டும் நம்பக் கூடாது.

இப்போது தேய்ப்பு எங்கே நிற்க வேண்டும் என்று பாருங்கள். டூ-கே ஸ்பிரே என்றால் 1000 நம்பரில் நிறுத்தலாம். அந்த நுண்கீறல்களுக்குள் கிளியர் இறங்கி நிரம்பும், பிடிப்பும் கிடைக்கும். கண்ணாடி போல் பாலிஷ் செய்து அதன்மேல் அடித்தால் பிடிக்க இடமில்லாமல் பின்னாளில் தகடாக உரியும். தடவும் பூச்சு மெல்லியது, கீறலை மறைக்காது. அதற்கு 3000 வரை போக வேண்டும். ஃபிலிமுக்கு 3000 வரை போய்ப் பாலிஷும் செய்ய வேண்டும். நீங்கள் வாங்கிய பொருளின் குறிப்பில் வேறு நம்பர் இருந்தால் அதுவே இறுதி.

தேவையானவை

இரண்டு விளக்குக்கு:

- வாட்டர் பேப்பர்: 600, 800, 1000, 1500, 2000, 3000 நம்பர்களில் தலா ஒன்று அல்லது இரண்டு தாள். உரியும் பூச்சு கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால் 400-லும் ஒன்று.
- வளையும் தன்மையுள்ள ஸ்பாஞ்ச் பிளாக், உள்ளங்கையில் அடங்கும் அளவு.
- இரண்டு வாளி, ஒரு ஸ்பிரே பாட்டில். அரை லிட்டர் தண்ணீரில் கார் ஷாம்பு நான்கைந்து சொட்டு.
- நல்ல மாஸ்கிங் டேப், 24 மி.மீ. அல்லது 48 மி.மீ. அகலம். ஸ்பிரே அடிப்பதென்றால் பிளாஸ்டிக் தாளும்.
- சுத்தமான மைக்ரோஃபைபர் துணி குறைந்தது ஆறு.
- ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 70 சதவீதமோ அதற்கு மேலோ, 100 மி.லி.
- பாலிஷ் செய்வதென்றால்: பிளாஸ்டிக்குக்கான அல்லது மென்மையான ஃபினிஷிங் பாலிஷ், டிரில்லில் மாட்டும் 3 அங்குல ஃபோம் பேட்.
- தேர்ந்தெடுத்த பூச்சு.

பெயின்ட் தின்னர், அசிட்டோன், பெட்ரோல், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் ஆகியவற்றை லென்ஸ் பக்கமே கொண்டுவராதீர்கள். பாலிகார்பனேட்டில் உள் இழுவிசை ஏற்கெனவே இருக்கும். இந்தக் கரைப்பான்கள் பட்டால் அந்த இழுவிசை நிமிடங்களில் விரிசலாக வெளிப்படும். அதைத் தேய்த்து எடுக்க முடியாது.

கழுவுதலும் மறைத்தலும்

நிழலில் வண்டியை நிறுத்தி, விளக்கு அணைந்து குளிர்ந்த பிறகு தொடங்குங்கள். ஷாம்பு நீரில் லென்ஸையும் சுற்றியுள்ள இடுக்குகளையும் கழுவுங்கள். இடுக்கில் தங்கிய ஒரு மணல்துகள் பின்னால் 2000 நம்பர் பேப்பருக்கு அடியில் சிக்கினால் மொத்த உழைப்பையும் பின்னுக்குத் தள்ளிவிடும்.

லென்ஸைச் சுற்றியுள்ள பானெட், ஃபெண்டர், பம்பர் ஓரங்களில் டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டுங்கள். பேப்பர் ஓரம் பட்டால் ஒரே அடுக்கு டேப் சீக்கிரம் கிழிந்து பெயின்ட்டில் கீறல் விழும். லென்ஸின் மேல் ஓரம் பானெட்டுக்கு அடியில் போகும் மாடல்களில் பானெட்டைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். அந்த ஒளிந்த ஓரத்தில் பழைய பூச்சு மிச்சமிருந்தால் புதிய பூச்சு அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.

விளக்கைக் கழற்றித்தான் செய்ய வேண்டுமா? தேவையில்லை. பல கார்களில் பம்பரையே கழற்ற வேண்டியிருக்கும், திரும்ப மாட்டியதும் ஒளியின் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும். கழற்றினால் பின்புறக் காற்றுத் துளைகளை டேப்பால் மூடிவிட்டுத் தேய்த்து, முடித்ததும் மறக்காமல் பிரியுங்கள்.

தேய்ப்பு: முதல் பேப்பர்தான் எல்லாம்

வாட்டர் பேப்பரைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊற விடுங்கள். விரலால் அழுத்தித் தேய்க்காதீர்கள். விரல் நுனிக்கு அடியில் மட்டும் அழுத்தம் கூடிக் குழிக்கோடுகள் விழும். ஸ்பாஞ்ச் பிளாக்கில் சுற்றிக்கொள்ளுங்கள்.

எந்த நம்பரில் தொடங்குவது? லேசான மங்கல் மட்டும் என்றால் 1000 போதும். தெளிவான மஞ்சள் என்றால் 800. பூச்சு உரிந்து ஓரங்கள் கையில் தட்டினால் 600. கெட்டியான திட்டுகள் 600-க்கும் அசையாமல் இருந்தால் மட்டும் 400. சந்தேகமிருந்தால் மெல்லிய நம்பரை ஓரிரு நிமிடம் முயன்றுபார்த்து, பலிக்காவிட்டால் கீழே இறங்குங்கள். தேவையில்லாமல் கரடாகத் தொடங்கினால் அந்தக் கீறலை எடுக்கவே இரட்டிப்பு நேரமாகும்.

லென்ஸில் தண்ணீர் தெளித்து, இடவலமாக நேர்க்கோட்டில், மிதமான அழுத்தத்தில் தேய்த்துக்கொண்டே போங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். தண்ணீர் ஓயாமல் இருக்க வேண்டும். முதலில் வழியும் நீர் மஞ்சளாகவோ கலங்கலாகவோ இருக்கும். அதுதான் செத்த பூச்சு. தேய்க்கத் தேய்க்க அது வெள்ளையாக மாறும். வெள்ளை நீர் வந்தால் அந்த இடத்தில் புது பிளாஸ்டிக்கைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

இங்கே நின்று கழுவி, துடைத்து, முழுக்கக் காய விட்டுப் பாருங்கள். லென்ஸ் முழுவதும் ஒரே சீரான வெண்மங்கலாக, பளபளப்பே இல்லாமல் இருக்க வேண்டும். எங்காவது மினுங்கும் தீவுகள் தெரிந்தால் அவை இன்னும் எடுபடாத பழைய பூச்சு. முழு வேலையிலும் அதிகம் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஈரத்தில் தீவுகள் தெரியாது. ‘போதும்’ என்று அடுத்த நம்பருக்குப் போய்விடுவார்கள். 3000 முடித்துத் துடைத்த பிறகுதான் வரைபடத்தில் கரையோரம் வரைந்தது போலத் திட்டின் ஓரம் தெரியும். அப்போது 600-க்குத் திரும்புவதைத் தவிர வழி இல்லை. கீழ்ப்பாதி தெளிவாகத்தானே இருக்கிறது என்று மேல்பாதியை மட்டும் தேய்ப்பவர்களுக்கும் இதே கதிதான். லென்ஸ் முழுவதையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஒரு விளக்குக்கு முதல் நம்பரில் மட்டும் 10 முதல் 15 நிமிடம் ஆவது சகஜம். லென்ஸ் முன்பைவிட மோசமாகத் தெரிவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

அடுத்த நம்பருக்குப் போகும்போது மூன்று விஷயங்கள். தண்ணீரை மாற்றுங்கள், இரண்டாவது வாளி அதற்குத்தான். லென்ஸையும் டேப்பின் ஓரத்தையும் பிளாக்கையும் நன்றாக அலசுங்கள். தேய்க்கும் திசையைத் திருப்புங்கள்: 600 இடவலம் என்றால் 800 மேல்கீழ், 1000 மறுபடி இடவலம். திசை மாறுவதால் முந்தைய நம்பரின் கோடுகள் தனித்துத் தெரியும். அவை முழுக்க மறைந்தால் அந்த நம்பர் முடிந்தது. மணி பார்த்து முடிவு செய்வதைவிட இது நம்பகமானது.

நம்பரைத் தாண்டிக் குதிக்காதீர்கள். 800-லிருந்து நேராக 2000-க்குப் போனால் மேற்பரப்பு வழுக்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆழக் கோடுகள் அப்படியே அடியில் கிடந்து, இரவில் எதிர் வெளிச்சத்தில் வெள்ளைக் கீற்றுகளாகத் தெரியும். 1000-க்கு மேல் ஒவ்வொரு நம்பருக்கும் மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும், அழுத்தமும் குறைய வேண்டும். 3000-ல் பிளாக்கின் எடையே போதும்.

லென்ஸ் மேல் புடைத்திருக்கும் எழுத்துகள், சிறு புள்ளிகள் ஆகியவற்றைச் சுற்றி மெதுவாகப் போங்கள். கூர்மையான மடிப்பு விளிம்புகளிலும் அழுத்தம் வேண்டாம். அங்கே பிளாஸ்டிக் மற்ற இடத்தைவிட வேகமாகத் தேயும்.

பாலிஷ்: தேவைப்படுபவர்களுக்கு மட்டும்

ஸ்பிரே அடிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம். ஃபிலிம் ஒட்டுபவர்களுக்கு இது அவசியம். தடவும் பூச்சில் சிலவற்றுக்குப் பாலிஷ் தேவை, சிலவற்றுக்குக் கூடாது. குறிப்பைப் படியுங்கள்.

ஃபோம் பேடில் பட்டாணி அளவில் மூன்று நான்கு பொட்டு பாலிஷ் வைத்து, டிரில்லை ஓட விடாமலே லென்ஸ் முழுக்கப் பரப்புங்கள். பிறகு நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்று வேகத்தில், பேடைத் தட்டையாக வைத்து நகர்த்திக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நின்றால் உராய்வுச் சூட்டில் மேற்பரப்பு இளகி, மங்கிய தழும்பாக இழுபடும். அடிக்கடி கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, சுட்டால் நிறுத்துங்கள். இரண்டு மூன்று சுற்றில் தெளிவு வராவிட்டால் குறை பாலிஷில் இல்லை, 2000-ஐ அவசரமாக முடித்திருக்கிறீர்கள்.

பூச்சுக்கு முன் சுத்தம்

லென்ஸ், இடுக்கு, டேப்பின் ஓரம் எல்லாவற்றையும் கழுவி முழுக்கக் காய விடுங்கள். தேய்ப்பில் நைந்த டேப்பைப் பிரித்து, உள்ளே சிக்கிய நீரைத் துடைத்து, புது டேப் ஒட்டுங்கள். பிறகு ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரே திசையில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் துணியின் புதுப் பக்கத்தால் துடைத்து, ஐந்து பத்து நிமிடம் உலர விடுங்கள். அதற்குப் பின் விரல் படக் கூடாது. கைரேகையில் உள்ள எண்ணெய் போதும், அந்த இடத்தில் பூச்சு பிடிக்காமல் போக. உலர்ந்த துணியால் வேகமாகத் தேய்த்தாலும் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகித் தூசியை இழுக்கும்.

ஸ்பிரே அடிப்பது

காற்றில்லாத, ஈரப்பதம் குறைந்த நேரம், 20 முதல் 30 டிகிரி செல்சியஸ். மழைநாளிலும் பனி இறங்கும் அதிகாலையிலும் வேண்டாம். லென்ஸைச் சுற்றிக் குறைந்தது ஒரு மீட்டருக்குப் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். கிரில், சக்கரம், முன்கண்ணாடி எல்லாம். மிதக்கும் கிளியர் துகள் நினைப்பதைவிடத் தூரம் போகும்.

கேனை முதலில் இரண்டு நிமிடம் குலுக்கி, முள்ளை அழுத்தி ஹார்டனரைத் திறந்து, மறுபடி இரண்டு நிமிடம் குலுக்குங்கள். திறந்த கேன் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் உள்ளேயே இறுகிவிடும். எனவே இரண்டு விளக்கும் தயாரான பிறகே திறக்க வேண்டும். ஓர் அட்டையில் அடித்துப்பார்த்து, பீய்ச்சல் சீராக வருகிறதா என்று உறுதி செய்யுங்கள்.

லென்ஸிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தூரம். லென்ஸுக்கு வெளியே பீய்ச்சலைத் தொடங்கி, குறுக்கே ஒரே வேகத்தில் கடந்து, வெளியே போய் நிறுத்துங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும். முதல் கோட் வெறும் தூவல், லென்ஸ் முழுவதும் நனையவே கூடாது. பிடிப்பைத் தருவது இதுதான். கிளியரில் உள்ள கரைப்பான் வெறும் பிளாஸ்டிக்கைத் தாக்காமல் ஆவியாகவும் இது இடம் தரும். 5 முதல் 10 நிமிடம் கழித்து இரண்டாவது கோட், மிதமான ஈரம். மறுபடி அதே இடைவெளி விட்டு மூன்றாவது, முழு ஈரம். இந்த மூன்றாவது கோட்டில்தான் 1000 நம்பர் கீறல்கள் மறைந்து லென்ஸ் திடீரெனத் தெளிவதைப் பார்ப்பீர்கள். அப்போது ‘இன்னும் ஒரு கோட்’ ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். வழியல் விழுவது அந்த நான்காவது கோட்டில்தான்.

கிளியர் முழுக்க இறுகும் முன்பே, சுமார் அரை மணி நேரத்தில், டேப்பை லென்ஸிலிருந்து விலகும் திசையில் மடக்கி மெதுவாகப் பிரியுங்கள். இறுகிய பின் பிரித்தால் ஓரம் பிய்ந்து வரும். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரம் ஷாம்புவோ அழுத்தநீர்க் கழுவலோ வேண்டாம்.

தடவும் பூச்சு

துணியை மடித்து மூலை மடிப்பு வராத தட்டைப் பட்டையாக்குங்கள். பூச்சு ஈரமாக இருக்கட்டும், சொட்டக் கூடாது. மேல் ஓரத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பு. அடுத்த இழுப்பு முந்தையதைக் கொஞ்சம் மூடட்டும். இப்படிக் கீழ்வரை. விட்டுப்போன இடத்தைக் கண்டால் திரும்பிப் போகாதீர்கள். சில நொடிகளில் அது பசையாகிவிடும், தொட்டால் இழுபட்டு வரியாக நிற்கும். காய்ந்த பிறகு, குறிப்பில் இரண்டாவது கோட்டுக்கு அனுமதி இருந்தால் அதில் மூடலாம். மழையில்லாத ஒரு பகல் முழுவதும் அப்படியே விடுங்கள்.

தவறினால் என்ன தெரியும், ஏன்

பூச்சு அடித்ததும் பால்போல் வெளுத்தால் ஈரப்பதம் உள்ளே சிக்கியிருக்கிறது. லேசாக இருந்தால் வெப்பம் கூடியதும் சில நேரம் தானே தெளியும். இல்லையென்றால் இறுகிய பின் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும்.

சிறு வட்டக் குழிகள் விழுந்தால் சிலிகான். டாஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் கைபட்ட துணி அருகில் இருந்திருக்கும். ஆரஞ்சுத் தோல் போல் சொரசொரப்பு வந்தால் தூரம் அதிகம் அல்லது வெயில் அதிகம், துகள் வழியிலேயே பாதி காய்ந்திருக்கிறது. இதையும் வழியலையும் ஒரு வாரம் கழித்து 2000, 3000-ல் மெல்லத் தேய்த்து பாலிஷ் செய்து சரிசெய்யலாம். பூச்சை ஊடுருவித் தேய்த்துவிடாதபடி கவனம் வேண்டும்.

சில மாதங்களில் ஓரத்திலிருந்து தகடாக உரிந்தால் பழைய பூச்சு மிச்சம், எண்ணெய்ப்பசை, அல்லது அதீதப் பாலிஷ். உரியாமல் சீராக மஞ்சளானால் பூச்சில் யூவி தடுப்பு இல்லை என்று அர்த்தம்.

குறுக்குவழிகள் பற்றி

பற்பசை வேலை செய்வது போலத் தோன்றக் காரணம், அதில் உள்ள மெல்லிய அரைப்புத் துகள். மேலோட்டமான மங்கலைக் கொஞ்சம் எடுக்கும், மஞ்சளான பூச்சை அசைக்காது. பேக்கிங் சோடாவையும் வினிகரையும் கலந்தால் நுரை வருவது இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்வதால்தான். மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர்.

கொசுவிரட்டி ஸ்பிரே ஆபத்தானது. அதில் உள்ள டீட் என்ற வேதிப்பொருள் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கரைக்கும். கரைந்த படலம் சமனாகப் படிவதால் ஒரு கணம் தெளிவாகத் தெரியும், பிறகு பிசுபிசுத்து மங்கும். வழிந்து பட்டால் கார் பெயின்ட்டும் கெடும்.

சூடான குடுவையிலிருந்து ஆவியைப் பீய்ச்சி நொடியில் லென்ஸைத் தெளியவைக்கும் முறையும் அதே கரைக்கும் வேலைதான். அதில் பயன்படும் டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பானின் ஆவி மூச்சுக்குக் கேடானது. யூவி தடுப்பு எதையும் அது விட்டுச்செல்வதில்லை, நாளடைவில் மயிரிழை விரிசலுக்கும் வழிவிடும். பார்க்க மாயம் போல இருக்கும். வீட்டில் செய்யத் தகுந்தது அல்ல.

லென்ஸ் தெளிந்தும் வெளிச்சம் போதவில்லையா?

பல்பைப் பாருங்கள். ஹாலஜன் பல்பின் கண்ணாடி உள்ளே கருத்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள், கண்ணாடியை விரலால் தொடாமல். எச்4 வகை பல்பின் வழக்கமான அளவு 60/55 வாட்ஸ் (ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55). 100/90 போட்டால் கூடுதல் சூடு லென்ஸை உள்ளிருந்தும், ரிஃப்ளெக்டரையும் ஹோல்டரையும் பின்னிருந்தும் கெடுக்கும்.

அடுத்து உயரம். சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி லோ பீம் போடுங்கள். ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் நடுமைய உயரத்தைவிடச் சுமார் 10 செ.மீ. தாழ்வாக விழ வேண்டும். அதுதான் விளக்கின்மேலோ அருகிலோ 1 சதவீதம் என்று குறித்திருப்பதன் பொருள். வேறு சதவீதம் இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மங்கிய லென்ஸில் சிதறிக் கிடந்த ஒளி இப்போது கூர்மையாக வெட்டி விழும். முன்பு தெரியாத உயரப் பிழையும் அப்போதுதான் தெரியும். எதிரே வருபவரின் கண்ணை மதித்து இதைக் கட்டாயம் பாருங்கள்.

நீடிக்க வைப்பது

கழுவ மென்மையான கார் ஷாம்பு மட்டும். எஞ்சின் கழுவும் டிகிரீசர், தரைக் கிளீனர் வேண்டாம். பூச்சிகள் காய்ந்து ஒட்டியிருந்தால் ஈரத்துணியைச் சில நிமிடம் போர்த்தி ஊறவைத்துத் துடையுங்கள், சுரண்டாதீர்கள். நிறுத்தும்போது முன்பக்கத்தை நிழலுக்குத் திருப்ப முடிந்தால் அதுவே பெரிய உதவி. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலே ஒரு சீலன்ட் தடவினால் அடிப்பூச்சின் தேய்மானம் குறையும்.

தடவும் பூச்சு போட்டவர்கள் மஞ்சள் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். தண்ணீர் முத்தாக உருளாமல் தட்டையாகப் பரவத் தொடங்கினால், அல்லது மேல் ஓரத்தில் லேசான மங்கல் தெரிந்தால், அப்போதே 2000, 3000-ல் பழைய பூச்சை எடுத்துவிட்டு, ஆல்கஹாலால் துடைத்து, புதிதாகத் தடவிவிடுங்கள். பிளாஸ்டிக் கெடும் முன் செய்தால் இரண்டு விளக்குக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் போதும். விட்டுவிட்டால் மறுபடி 600-லிருந்து.